தேய்வதற்கென்றே ஒரு தட்டு

(கம்பம்மெட்டில் வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேசையில் துண்டு விரித்து வைத்திருக்கும் இந்தத் தட்டை உள்ளே வரும்போதே பலர் பார்த்தீர்கள். முன்வரிசைப் பையன் ஒருவன், "தாத்தா, இது பழைய கடிகாரமா?" என்று கேட்டான். பின்வரிசையில் நாலைந்து ஜீப் டிரைவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். "வாத்தியார் இன்னிக்கு அந்தக் கதையைத்தான் எடுக்கப் போறார்" என்ற சிரிப்பு அது. ஆமாம், அந்தக் கதையைத்தான்.

பையனுக்காகச் சொல்கிறேன். இது கிளட்ச் பிளேட். நடுவில் பல் வெட்டிய ஓட்டை, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சுருள்வில், ஓரத்தில் இரண்டு பக்கமும் ரிவெட் அடித்த கறுப்பு லைனிங். இன்ஜினின் பின்பக்கம் ஃப்ளைவீல் என்று ஒரு கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முகத்தில் இந்தத் தட்டை வைத்து, பிரஷர் பிளேட் என்கிற இன்னொரு தட்டு பின்னாலிருந்து வில் பலத்தில் அமுக்கிப் பிடித்திருக்கும். இந்த ஓட்டைக்குள் கியர் பாக்ஸின் தண்டு நுழைந்து நிற்கும். இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இந்தப் பிடிமானம் வழியாகத்தான். இன்ஜினுக்கும் தட்டுக்கும் நடுவில் பல்லும் கிடையாது, கொக்கியும் கிடையாது. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு காகிதத்தை அமுக்கிக்கொண்டு கையைத் திருப்பினால் காகிதமும் திரும்புகிறதே, அவ்வளவுதான் சங்கதி. டிரைவர் மிதித்தால் பிடி விடும், காலை எடுத்தால் பிடிக்கும். வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் குழப்பம் இங்கேதான். மற்ற எல்லாவற்றையும் மிதித்தால் ஏதோ நடக்கும், இதை விட்டால்தான் நடக்கும்.

வண்டியில் இருக்கும் எல்லாச் சாமானும் தேயாமல் இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். தேய்வதற்கென்றே செய்து பூட்டுவது மிகச் சில. பிரேக் லைனிங் ஒன்று, டயர் ஒன்று, இது ஒன்று. இது தேய்வதால்தான் கியர் பாக்ஸ் பிழைக்கிறது, கிராங்க் பிழைக்கிறது. நம் ஊர்ச் சாலையில் இது சீக்கிரம் தேயும். ஏன் என்று சொல்கிறேன்.

கீழே ஓர் ஊர், மலைமேல் அதே பெயரில் ஒரு மெட்டு. போடிக்குப் போடிமெட்டு, தேவாரத்துக்குத் தேவாரம்மெட்டு, கம்பத்துக்கு நாம். வண்டி எண் கீழே டிஎன் 60, மேலே கேஎல் 69. நடுவில் கொண்டை ஊசி வளைவுகள். விடியும் முன்னமே கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கமிருந்து பெண்கள் தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாக ஜீப்புகளில் ஏறி வருகிறார்கள். உடும்பன்சோலைத் தாலுகாவின் ஏலத்தோட்டங்கள் அவர்கள் கையை நம்பித்தான் இருக்கின்றன. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு விவகாரத்தில் இந்தச் சாலை அடைபட்டபோது அதைக் கண்ணால் பார்த்தோம். ஜீப் வராததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் பழுத்த காய் செடியடியிலேயே கிடந்தது. ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் வண்டியில் இருக்கும் தலைக்கும் சம்பந்தம் இல்லை என்பது செக்போஸ்ட்டுக்கும் தெரியும், கிளட்ச் பிளேட்டுக்கும் தெரியும். இதில் போன உயிர்கள் உண்டு. அது இன்றைய பேச்சு இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் ஜீப்பைப் பற்றி மட்டும் ரசித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் கணக்கு வாத்தியார். ஆகவே ஒரே ஒரு கணக்கு. நிற்கும் வண்டியைக் கிளப்பும்போது இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை தட்டு உரசியாக வேண்டும். சமதளத்தில், இன்ஜின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிளப்பினால், வண்டிக்கு எவ்வளவு இயக்கச் சக்தி கிடைக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு இந்தத் தட்டில் சூடாகப் போகிறது. பாதிக்குப் பாதி! வட்டிக்காரன்கூட அவ்வளவு பிடிக்க மாட்டான். ஏற்றத்தில் இன்னும் மோசம். வண்டியைப் பின்னால் உருளவிடாமல் பிடித்து நிறுத்தவே தட்டு உரசுகிறது, அந்தச் சூட்டுக்குக் கைம்மாறாக ஓர் அடிகூட முன்னேற்றம் இல்லை. வளைவில் எதிரே லாரி வந்ததும், ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் ஆஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறீர்களே, அப்போது சாக்கு கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும். அது உங்கள் காசு கருகும் வாடை. மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்று சாலை விதி இருக்கிறது. விதி எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, ஏற்றத்தில் நின்று கிளம்பின எந்த டிரைவருக்கும் அதன் நியாயம் இடது காலில் தெரியும்.

உலகத்தில் இந்த உரசல் சாமான்கள் பிறந்ததே மேடு பள்ளத்தில்தான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மா, கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வண்டியில் இப்போதிருக்கும் கிளட்ச் கிடையாது. சும்மா சுற்றும் கப்பியிலிருந்து இழுக்கும் கப்பிக்குத் தோல் பட்டையைத் தள்ளுவதுதான் கிளட்ச். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கம் வந்தபோது மரக்கட்டை பிரேக் தேய்ந்து போய்விட்டது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துக் கட்டையின் மேல் தோல் வைத்து அடித்துக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். முதல் நீண்ட மோட்டார் பயணத்தின் கதை என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது வழியில் வண்டியைப் பிரித்துச் சரிபண்ணின முதல் ஆளின் கதை.

ஒன்பது வருடம் கழித்து இங்கிலாந்தில், டார்பிஷயர் குன்றுப் பக்கம், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதே சங்கதியைக் கவனித்தார். சுமை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் குதிரை வண்டி ஓடிவிடாமல் இருக்கப் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை ஆணியடித்து வைத்திருந்தார்கள். அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்யலாமே என்று 1897-இல் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துகளைப் புரட்டி, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ஃபெரோடோ. இன்றைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பலகையில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இனி நம் ஜீப்புக்கு வருவோம். 1940களின் கடைசியில் பம்பாயில் வில்லீஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது மஹிந்திரா. அப்போது பெட்ரோல். பின்னால் டீசல் வந்தது. 1980களில் வந்து இந்த மலைக்குப் பழகிப் போனது பூஜோ டீசல் இன்ஜின். அந்தப் பிரெஞ்சுப் பெயரை இந்த மலையில் இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. எக்ஸ்டிபி 4.90 என்று அதற்குக் குறியீடு. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 2112 சிசி வரும். உருளையின் கன அளவு பாடம் வந்தால் நான் இந்தக் கணக்கைத்தான் கரும்பலகையில் போடுவேன். ஜீப் டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் அன்றைக்கு மட்டும் தூங்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஜீப். நான் ஓய்வுபெற்ற வருஷம் அதில் கிளட்ச் சிலிப் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகர யோசிக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு. சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூன்றாம் கியரில் போட்டு, மெதுவாகக் கிளட்சை விட வேண்டும். இன்ஜின் உதறி நின்றால் தட்டு பிடிக்கிறது. நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிடி போய்விட்டது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். எங்கள் ஜீப் நிற்கவில்லை. ஒரு பட்டறையில் விட்டுப் புதுத் தட்டு போட்டு எடுத்து வந்தேன். நாலே மாசம். மறுபடியும் இன்ஜின் கத்தியது.

இங்கேதான் இந்தத் தட்டைப் பற்றி நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்தது என்பது பாதிச் செய்திதான். எதனால் தேய்ந்தது என்பது தட்டிலேயே எழுதியிருக்கும். கழற்றினவர் அதைப் படிக்க வேண்டும். லைனிங் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்து ரிவெட் தலை தெரிகிறதா, அது வயசு. குறை சொல்ல ஒன்றுமில்லை, மாற்றிவிடலாம். லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறது, ஃப்ளைவீலில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருக்கிறது என்றால் அது சூடு. டிரைவரின் இடது காலைப் பார்க்க வேண்டும். மிதியிலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற ஆளாக இருப்பார். அல்லது பெடல் சும்மா போகும் தூரம், அதாவது ஃப்ரீ பிளே, கொஞ்சமும் இல்லாமல் ராடை இறுக்கி வைத்திருப்பார்கள். மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ள வேண்டிய ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அவற்றை முட்டிக்கொண்டு, தட்டை முழுசாகப் பிடிக்கவிடாது. லைனிங் ஈரமாக, கறுத்துப் போயிருந்தால் எண்ணெய். எந்த எண்ணெய் என்பதை மூக்கு சொல்லும். கன்னங்கறேல் என்று மெலிசாக இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்கின் பின்பக்கச் சீல் ஒழுகுகிறது. கெட்டியாக, குமட்டுகிற நாற்றத்தோடு இருந்தால் கியர் ஆயில், கியர் பாக்ஸின் முன்பக்கம் ஒழுகுகிறது. எண்ணெய் பட்ட தட்டை மட்டும் மாற்றினால், ஓட்டுக் கூரை ஒழுகுகிற வீட்டில் பாயை மட்டும் மாற்றின மாதிரி. எங்கள் வண்டிக்கு நடந்தது அதுதான். பழைய தட்டை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. நான் உட்பட. பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

சரி, இந்தத் தடவை வீட்டிலேயே பண்ணிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். வீட்டில் எதிர்ப்பு. "கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு வீட்டிலதான் வண்டியைப் பிரிச்சார்" என்று நான் வாதாடினேன். பொய்யில்லை. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அதே வண்டியை வாங்கினார். வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டித்தான் யந்திரம் கற்றார். பிறகு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதும், 1937-இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. என் மனைவி அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவருக்கு அப்ப வயசு இருவது. உங்களுக்கு?"

துணைக்குக் கம்பத்திலிருந்து என் மைத்துனர் வந்தார். டீசல் பம்ப்செட் வேலை தெரிந்தவர். ஜீப்பில் இரண்டு வழி இருக்கிறது. அடியிலிருந்து கியர் பாக்ஸை இறக்கலாம். ஆனால் ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்ந்த கனம், மழைச் சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் வாங்க முடியாது. மற்றொரு வழி, முன்பக்கமாக இன்ஜினையே தூக்கிவிடுவது. பழைய ஜீப்பில் அது ஒரு சௌகரியம். பானெட், முன் கிரில், ரேடியேட்டர் மூன்றும் போனால் இன்ஜின் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி முழுசாகத் தெரியும். சீலையும் மாற்ற வேண்டியிருந்ததால் இதுவே தோது என்று முடிவு செய்தோம்.

பேட்டரி எர்த்தைக் கழற்றுவதுதான் முதல் வேலை. பிறகு தண்ணீர், ஆயில், டீசல் குழாய், வயர், சைலன்சர் பைப். ஒவ்வொரு நட்டையும் எந்த இடத்து நட்டு என்று எழுதி, என் பழைய ஆன்சர் பேப்பர்களில் தனித்தனியாக மடித்து வைத்தேன். மைத்துனருக்குச் சிரிப்பு. "என்ன மாமா, மருந்துக்கடை வச்சிட்டீங்க." பலா மரத்தின் நடுக்கிளையில் ஒரு டன் செயின் பிளாக். கிளை தாங்குமா என்று முதலில் நாங்களே தொங்கிப் பார்த்தோம். (வீட்டில் செய்யப் போகிறவர்கள் இதைச் செய்யாதீர்கள். நல்ல இரும்பு முக்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. தொங்குகிற இன்ஜினுக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.) பின்னால் கியர் பாக்ஸுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளை எடுத்து, இன்ஜினை முன்னால் இழுத்தோம். தண்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. சங்கிலியில் இன்ஜின் மெல்லத் திரும்பியபோது என் பேத்தி, "தாத்தா, வண்டிக்கு நெஞ்சைப் புடுங்கிட்டீங்களா?" என்றாள்.

பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் தட்டு கையில் வந்தது. நாலு மாசத் தட்டு. கறுத்து, மெலிசாக எண்ணெய் பூசி, விரலில் ஒட்டியது. கிராங்க் சீல். மைத்துனர் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார், பரீட்சைப் பேப்பரில் மார்க்கைக் காட்டுகிற மாதிரி. ஹவுசிங்குக்குள் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதப் போனவரை நிறுத்தினேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் பல வருஷம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும். ஈரத்துணியால் துடைத்தோம். பட்டறைகளில் சின்னப் பையன்கள் ஏர் கன்னைப் பிடித்து அதை முகத்துக்கு நேரே ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஃப்ளைவீலைக் கம்பத்துக்கு எடுத்துப் போய் லேத்தில் முகம் சீவினோம். புதுச் சீல், புதுத் தட்டு, புது ரிலீஸ் பேரிங், கிராங்கின் குழியில் உட்கார்ந்திருக்கும் பைலட் புஷ் எல்லாம் வாங்கி வந்தோம். பைலட் புஷ் கால் விரல் மோதிரம் மாதிரி ஒரு சின்னச் சாமான், விலையும் சொற்பம். இதை மாற்றாமல் விடுகிறவர்கள் அதிகம். கியர் தண்டின் மூக்கு அதற்குள்தான் சுற்றுகிறது. அது தேய்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் புதுத் தட்டும் ஆடும்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயைக் கட்டினோம். கரண்டும் போனது. டார்ச் வெளிச்சத்தில் தட்டை ஃப்ளைவீலில் வைத்து, பழைய கியர் தண்டு ஒன்றை நடுவில் செருகிப் பிடித்துக்கொண்டு, பிரஷர் பிளேட்டைப் பூட்டினோம். தட்டு நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக அந்தத் தண்டு. ஒரு நூலிழை விலகினாலும் நாளைக்கு இன்ஜின் உள்ளே போகாது. போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். எல்லாம் படித்த முறைப்படி. அப்படித்தான் நினைத்தோம்.

மறுநாள் இன்ஜின் ஏற்றுவதற்கு முழு நாள் ஆனது. தண்டு தட்டின் பல்லுக்குள் இறங்க வேண்டும், அதைத் தாண்டிப் பைலட் புஷ்ஷுக்குள் போக வேண்டும். பெல் ஹவுசிங்கின் முகமும் இன்ஜினின் முகமும் ஒன்றுக்கொன்று நேராகப் பார்க்க வேண்டும். இன்ஜின் சங்கிலியில் ஆடுகிறது. ஒரு விரற்கடை இடைவெளி வந்ததும் நின்றுவிட்டது. எல்லாருக்கும் வரும் புத்தி எங்களுக்கும் வந்தது. நீளமான போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா? கூடவே கூடாது. ஹவுசிங் வெடிக்கும், இல்லையென்றால் தட்டின் நடு வளையும். இன்ஜினின் முன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு நான் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, மைத்துனர் இன்ஜினை லேசாக ஆட்டிக்கொண்டே தள்ள, எப்போது என்று தெரியாத ஒரு நொடியில் "தொப்" என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மகன் பத்தாம் வகுப்பு பாஸ் ஆனபோதுகூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், கோவித்துக்கொள்ள மாட்டான்.

இரண்டு நாள் எல்லாவற்றையும் பூட்டினோம். மருந்துப் பொட்டலங்கள் காலியாயின. ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் உடனே பிடித்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சேட்டன் கை தட்டினார். கிளட்சை மிதித்து முதல் கியரைத் தள்ளினேன்.

கர்ர்ர்.

இரண்டாவது, அதே சத்தம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டால் எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுகிறது. ஸ்டார்ட் செய்தால் விழுவதில்லை. அப்படியென்றால் கிளட்ச் விடவில்லை என்று அர்த்தம். மிதித்தும் தட்டு ஃப்ளைவீலோடு சேர்ந்தே சுற்றுகிறது. ராடைத் திருகித் திருகி நூல் முடியும்வரை பார்த்தோம். பெடலைக் கழற்றிப் பார்த்தோம். ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கைச் சந்தேகப்பட்டோம். மைத்துனர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைத் திட்டினார். நான் மழையைத் திட்டினேன். சேட்டன் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்தா மாஷே, இதுவரை ஆயில்லே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். கம்பத்துக்காரர்களுக்கு அவர் மேஸ்திரி, நெடுங்கண்டத்துக்காரர்களுக்கு ஆசான். எழுபது வயதுக்கு மேல். லாரி காலத்து மனிதர். ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. இன்ஜினை ஓடவிடச் சொல்லி, கிளட்சை மிதிக்கச் சொல்லி, நீட்டு ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைப் பெல் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். நிறுத்தச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, பிளேட்டுல வில்லு வீங்கிக்கிட்டு நிக்கிற பக்கம் ஒண்ணு இருக்கும்ல. அதை எங்கிட்டுப் பாத்து வச்சீங்க?"

நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் பலா மரத்தைப் பார்த்தார்.

இதோ பாருங்கள், இந்தத் தட்டிலேயே காட்டுகிறேன். இந்தப் பக்கம் தட்டை. மறுபக்கம் சுருள்வில்லும் நடு வளையமும் துருத்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் ஜீப்பில் துருத்தின பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும், தட்டைப் பக்கம் ஃப்ளைவீலை. மாற்றி வைத்தால் துருத்தின பகுதி ஃப்ளைவீலின் நடு போல்ட்டுகளில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், தட்டு விடுபடவே முடியாது. எந்தப் பக்கம் ஃப்ளைவீல் என்று பல தட்டுகளில் அச்சடித்தே இருக்கிறது. எங்கள் தட்டிலும் இருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளிடம் "கேள்வியை முழுசாப் படிச்சிட்டு எழுதுடா" என்று சொன்னவன்.

"இன்ஜினை இறக்கணுமா?" என்று கேட்டேன், வேறு பதில் வராதா என்ற ஆசையில்.

"ஏறினது இறங்கித்தானே ஆகணும்" என்றார். பிறகு சொன்னார்: "வெசனப்படாதீங்க. நான் லாரிக்கு மாட்டி, ஓனர் ஏறி உக்காந்து, சாமி கும்பிட்டுக் கெளம்பும்போது கண்டுபிடிச்சேன். உங்களுக்காவது வீட்டுக்குள்ளயே முடிஞ்சிருச்சு."

என் மனைவி காபி கொண்டுவந்தாள். "செயினை நேத்துத்தான் கழட்டிக் கொடுத்தீங்க. ரெண்டு நாள் பொறுத்திருந்தா வாடகையாவது மிச்சம்" என்றாள்.

இரண்டாம் தடவை ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. கை பழகியிருந்தது, பொட்டலம் தேவைப்படவில்லை. தண்டு முதல் முயற்சியிலேயே உள்ளே போனது, ஏனென்று இப்போதும் தெரியவில்லை. மேஸ்திரி கூடவே உட்கார்ந்திருந்தார். ஒரு வேலையும் செய்யவில்லை. பெடலில் ஃப்ரீ பிளே வைக்கும் போது மட்டும் எழுந்து வந்து, கையாலேயே பெடலை அமுக்கி, கட்டை விரலின் அகலத்தைக் காட்டி, "இவ்வளவு சும்மா போகணும். அதுக்கப்புறம்தான் அதுக்கு வேலை" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ஏலக்காய் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

அன்று மத்தியானமே கம்பத்துக்கு இறங்கி, திரும்ப ஏறினோம். ஒரு வளைவில், எதிரே கூலியாள் ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வீடு திரும்புகிற பெண்கள், பின்கதவில் இரண்டு பேர் தொற்றிக்கொண்டு. அந்த டிரைவர் ஓரத்தில் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, மெதுவாகக் காலை எடுத்துக்கொண்டே பிரேக்கை விட்டேன். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. மைத்துனர் மூக்கை வெளியே நீட்டி வாடை பிடித்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வரும் புகை வாடை மட்டும்தான்.

இந்த மேசையில் இருப்பது அந்த நாலு மாசத் தட்டு, எண்ணெய் குடித்தது. மூன்று தடவை கழுவியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து கையில் எடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எது என்று நீங்களே சொல்லுங்கள். விரலில் கொஞ்சம் கறுப்பு ஒட்டத்தான் செய்யும். சோப்பு வாசல் குழாயடியில் இருக்கிறது.